மாலுமிப் பாட்டும் மின்கிற்றாரும்

1798ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் பிறிஸ்டல் நகரில் அச்சாகி, ஆசிரியர் பெயரின்றி வெளிவந்த கவிதைத் தொகுதியொன்றின் விற்பனை குறித்து வேடிக்கையான செய்தியொன்று வழங்குகின்றது. தொகுதியின் பெயர் 'லிரிக்கல் பாலட்ஸ்'. அதனை எழுதியோர் வில்லியம் வேர்ட்ஸ்வேத்தும் சாமுவேல் ரெய்லர் கோல்றிட்ஜும் ஆவர். நூலின் முதற் கவிதையாக நின்றது கோல்றிட்ஜ் இயற்றிய 'பழைய மாலுமியின் பாட்டு'. அத்தொகுதியின் பிரதிகளை மிகுதியாக வாங்கியோர் கப்பற்றொழிலாளரே என்றும், மாலுமியைப் பற்றிய பாட்டொன்று அதிலுண்டு எனக் கேள்வியுற்ற அவர்கள் அதனைக் கப்பற்பாட்டுப் புத்தகம் என்று எண்ணியே வாங்கினர் என்றும் பதிப்பாளர் தம்மிடம் கூறியதாகக் கோல்றிட்ஜ் பிற்காலத்து உரையாடல் ஒன்றிலே குறிப்பிட்டுள்ளார்.

இலக்கிய வரலாறு எழுதுவோர் இதனைச் சிரிப்புக்குரிய துணுக்காகக் கூறிவிட்டு அப்பாற் செல்வது வழக்கம். படிப்பறிவு குறைந்த மாலுமிகள் உயர்ந்த கவிதையைத் தவறாக விளங்கிக்கொண்டனர் என்பதே அச்சிரிப்பின் உட்பொருள். நாம் அவ்வாறு சிரிக்க ஆயத்தமாயில்லை. மாலுமிகள் எண்ணியது தவறா என்பதே நமது கேள்வி. அக்கவிதை வெளிவந்து 186 ஆண்டுகள் கழிந்த பின்னர், 1984இல், கிழக்கு இலண்டனிற் பிறந்த முன்னாட் படவரைஞர் ஒருவர் அதனை உண்மையிலேயே பாட்டாக்கினார். பதின்மூன்று நிமிடங்களுக்கு மேல் நீளும் அப்பாட்டை இன்றுங்கூடப் பல்லாயிரம் இளைஞர் மனப்பாடமாகப் பாடுகின்றனர். 'அயன் மெய்டன்' என்னும் ஹெவி மெற்றல் இசைக்குழுவின் 'பவர்சிலேவ்' என்ற இசைத்தட்டின் கடைசிப் பாட்டு அது. பண்டிதர் சிரித்த மாலுமிகளின் எண்ணம் எவ்வழியாக நிறைவேறிற்று என்பதை வரலாற்று நோக்கிலே சிறிது ஆராய்வோம்.

முதலிற் கவிதை பிறந்த கதையைக் கவனித்தல் வேண்டும். 'பாலட்' என்பது பண்டிதர் மரபன்று. சந்தையிலும் திருவிழாவிலும் ஒற்றைத் தாள்களில் அச்சிட்டுச் சில்லறைக் காசுக்கு விற்கப்பட்ட கதைப்பாடல் அது. கொலை, கப்பற்சேதம், காதல், பேய் ஆகியனவே அதன் பொருள். நம்மவரின் கதைப்பாடல்களையும், கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டையும் அறிந்த வாசகருக்கு அதன் இயல்பை விரித்துரைக்கத் தேவையில்லை. தோமஸ் பேர்சி என்னும் மதகுரு 1765இல் பழைய கதைப்பாடல்களைத் திருத்தித் தொகுத்து வெளியிட்டதன் பின்னரே கற்றோர் அவற்றை ஏறெடுத்துப் பார்த்தனர். வேர்ட்ஸ்வேத்தும் கோல்றிட்ஜும் தம் தொகுதியின் முகவுரையிலே, நடுத்தர, அடித்தள மக்களின் பேச்சுமொழி கவிதைக்கு எவ்வளவு பொருந்தும் என்று சோதிப்பதே தமது நோக்கம் என அறிவித்தனர். ஆகவே மக்களின் பாட்டு வடிவத்தை மக்களிடமிருந்து எடுத்தவர் கவிஞரே. அதனைத் தமது பொருளென்று அடையாளம் கண்டு வாங்கிய மாலுமிகளை அறியாதவர் எனக் கூறுதல் எங்ஙனம் பொருந்தும்?

அக்காலத்துக் கோல்றிட்ஜ் பாடநூல்களில் நாம் காணும் சாந்தமான முதியவரல்லர். 1792இல் கேம்பிறிட்ஜிலே மாணவராயிருந்தபோது அடிமை வியாபாரத்தைக் கண்டித்துக் கிரேக்க மொழியிலே பாடிப் பதக்கம் பெற்றவர். 1794இல், சொத்துக்கள் யாவும் பொதுவாயுள்ள குடியிருப்பொன்றை அமெரிக்காவின் சஸ்குவெகானா ஆற்றங்கரையிலே அமைக்க நண்பர் சதேயுடன் திட்டமிட்டவர். அத்திட்டம் கடலைக் கடக்கவில்லை. 1795இல், அடிமை வியாபாரத்தாற் கொழுத்த துறைமுகமாகிய அதே பிறிஸ்டலிலே, அவ்வியாபாரத்தை எதிர்த்துப் பகிரங்கமாகச் சொற்பொழிவாற்றினார். பிரெஞ்சுப் புரட்சியின் அச்சம் ஆளும் வர்க்கத்தை ஆட்டிக்கொண்டிருந்த 1797இல், சமசெற் மாகாணத்தில் வாழ்ந்த இக்கவிஞரிருவரையும் கண்காணிக்க அரசாங்கம் ஒற்றன் ஒருவனை அனுப்பியது. கவிதை முளைத்தது அவ்வாண்டு நவம்பர் மாதத்து நடைப்பயணம் ஒன்றின்போதாகும். பயணச் செலவுக்குக் கையிற் பணம் போதாமையால், ஒரு கவிதையை எழுதிச் சஞ்சிகையொன்றுக்கு ஐந்து பவுணுக்கு விற்கலாம் என்று நண்பர் கருதினர். அல்பற்றொஸ் பறவையைக் கொல்லும் எண்ணத்தைக் கொடுத்தவர் வேர்ட்ஸ்வேத். அதனை அவர் பெற்றது ஷெல்வொக் என்னும் கப்பற்றலைவர் 1726இல் வெளியிட்ட கடற்பயண நூலிலிருந்து. ஐந்து பவுண் என்னும் தொகையை வாசகர் மறவாதிருக்க வேண்டுகின்றோம். பின்னர் அது நமக்கு உதவும்.

கவிதையின் கதை சுருக்கமானது. கலியாண வீட்டுக்குச் செல்லும் ஒருவனை மறித்துக் கிழ மாலுமி தன் கதையைச் சொல்கின்றான். தென்கடலின் பனிக்கட்டிகளிடையே அகப்பட்ட கப்பலைத் தொடர்ந்து வந்த பறவையை அவன் காரணமின்றிக் கொல்கின்றான். காற்று ஓய்கின்றது, கப்பல் அசையாது நிற்கின்றது, தாகம் வாட்டுகின்றது. செத்த பறவையை மாலுமிகள் அவன் கழுத்திலே மாட்டுகின்றனர். எலும்புக்கூடு போன்ற கப்பலொன்றிலே சாவு வந்து சூதாடுகின்றது. உடனிருந்த இருநூறு பேரும் ஒருவர்பின் ஒருவராய் மடிகின்றனர். அவன் மாத்திரம் உயிர் தப்பி, தன் கதையைச் சொல்லிச் சொல்லி ஊரூராய்த் திரியும் தண்டனையை அடைகின்றான். தவறு செய்தவன் ஒருவன். செத்தவர் இருநூறு பேர். அவ்வெலும்புக்கூட்டுக் கப்பலிலே அடிமைக் கப்பலின் சாயலைக் கண்ட ஆய்வாளரும் உளர். 1795இற் பேசிய கோல்றிட்ஜை அறிந்தோர் அவ்வாசிப்பை எளிதிலே தள்ளிவிட இயலாது.

கவிதையின் பின்னைய வாழ்வு சோகமானது. 1800ஆம் ஆண்டுப் பதிப்பிலே, பழஞ்சொற்கள் விற்பனையைக் கெடுத்தன என்று கருதிய வேர்ட்ஸ்வேத் அதனை முதலிடத்திலிருந்து அகற்றி நூலின் இறுதிப் பகுதிக்குத் தள்ளினார். 1817இல் கோல்றிட்ஜ் தாமே அதன் ஓரங்களில் உரைநடை விளக்கங்களைச் சேர்த்தார். அதற்குள் அவர் பழைய கொள்கைகளைக் கைவிட்டு, திருச்சபையினதும் அரசினதும் நிலையான ஒழுங்கைப் போற்றுபவராகியிருந்தார். பின்னர் கவிதை பாடசாலைக்குட் புகுந்தது. பழைய மாலுமி பரீட்சைக்குரிய மாலுமியானான். இலக்கியம் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்ட நாம் இதனைக் கூற வெட்கப்பட்டே தீர வேண்டும்: கவிதையொன்றைக் கொல்வதற்குப் பாடத்திட்டத்தை விடச் சிறந்த அம்பு இன்னும் செய்யப்படவில்லை.

இனி, அக்கவிதையை மீட்ட இசையின் பிறப்பிடத்துக்கு வருவோம். ஹெவி மெற்றல் என்பதற்குக் 'கன உலோகம்' என்பது பொருள். சேர்த்தெழுதினாற் 'கனவுலோகம்' என்றாகிக் 'கனவுலகம்' என்பது போலச் செவியில் விழும், அது பொருத்தமற்றதுமன்று. அதன் தாயகம் இங்கிலாந்தின் உலோகக் கைத்தொழில் நகரமாகிய பேர்மிங்ஹாம். ஈழத்து முற்போக்கு வாசகருக்கு அந்நகரின் பெயர் வேறொரு காரணத்தாற் பழக்கமானது. கைலாசபதி அவர்கள் பண்டைத் தமிழ் வீரயுகப் பாடல்களை ஆராய்ந்து, 1968இல் நூலாக வெளிவந்த ஆய்வினைச் செய்தது பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்திலேயே. வழிகாட்டியவர் மார்க்சிய அறிஞர் ஜோர்ஜ் தொம்சன். சிவத்தம்பி அவர்களும் அவரிடமே ஆய்வு செய்தார். கவிதையின் தாளம் கூட்டு உழைப்பின் தாளத்திலிருந்து பிறந்தது என்பது தொம்சன் வற்புறுத்திய கருத்து. அக்கருத்தை அவர் விளக்கிக்கொண்டிருந்த அதே அறுபதுகளிலே, அதே நகரின் அஸ்ரன் என்னும் தொழிலாளர் பகுதியில், அதற்கு உதாரணமாகத்தக்க இசையொன்று உருவாகிக்கொண்டிருந்தது.

'பிளக் சபத்' என்னும் குழுவினர் நால்வரும் அப்பகுதிப் பிள்ளைகள். கிற்றார் வாசித்த ரோனி அயோமி தகட்டுலோகத் தொழிற்சாலையிலே வேலை செய்தவர். 17 வயதிலே, வேலையை விட்டு விலகவிருந்த கடைசி நாளன்று, அவரது வலக்கையின் இரு விரல் நுனிகளை இயந்திரம் துண்டித்துவிட்டது. இடக்கை வாசிப்பாளராகிய அவருக்கு நரம்புகளை அழுத்தும் கை அதுவே. பிளாத்திக்குப் போத்தலை உருக்கி விரல் நுனிகளுக்கு உறை செய்து மாட்டிக்கொண்டார். நாளடைவில், அழுத்துவதற்கு எளிதாகும்பொருட்டு நரம்புகளைத் தளர்த்திச் சுருதியை இறக்கினார். அவ்விறங்கிய சுருதியின் இருண்ட ஒலியே இவ்விசையின் அடையாளங்களில் ஒன்றாயிற்று. ஓர் இசைவகையின் ஒலி தொழிற்சாலை விபத்தொன்றினால் இவ்வளவு நேரடியாகத் தீர்மானிக்கப்பட்ட வேறோர் உதாரணத்தை நாம் அறியோம். பாடகர் ஒஸ்பேண் மாடறுக்கும் கொல்களத்திலே வேலை பார்த்தவர். ஆலைச் சம்மட்டிகளின் ஓசை தம் இசையிலே புகுந்ததை அப்பகுதி இசைஞர் பலர் நினைவுகூர்ந்துள்ளனர்.

அவ்வாறாயின் அவர்கள் ஆலையைப் பாடியிருக்க வேண்டுமன்றோ எனக் கேட்கலாம். பாடியது மந்திரவாதியை. 1970இல் வெளிவந்த முதல் இசைத்தட்டிலே, தோல்கினின் 'மோதிரங்களின் தலைவன்' என்னும் நெடுங்கதையில் வரும் முதிய மந்திரவாதியை மனத்திற்கொண்டு எழுதிய பாட்டொன்றுண்டு. அதே ஆண்டில் வெளிவந்த இரண்டாவது இசைத்தட்டு, யுத்தத்தைத் தொடக்கிவிட்டு ஏழைகளைச் சாக அனுப்பும் தளபதிகளைச் சபிப்பதோடு தொடங்குகின்றது. தோல்கின் ஒக்ஸ்போர்ட் பேராசிரியர். அரசியலிலே பழைமை பேணுபவர். ஆயினும் அவரும் பேர்மிங்ஹாமிலே வளர்ந்தவர். பிள்ளைப் பருவத்தில் நகரின் ஓரத்துக் கிராமமொன்றில் வாழ்ந்து, ஆலைகளும் வீடுகளும் அதனை விழுங்கியதைக் கண்டு வெறுப்புற்றவர். அவர் கற்பனையிலே புகைசூழ்ந்த தீயநாடு ஒன்று இடம்பெற்றமைக்கு அவ்வெறுப்பும் ஒரு காரணம் என்பர். பேராசிரியர் வெறுத்த புகையிலேயே வாழ்ந்த தொழிலாளியின் மகன் அந்நூலை எடுத்துப் படித்தான். இதனை யதார்த்தத்திலிருந்து தப்பியோடுதல் என்று ஒரே சொல்லிலே தீர்த்துவிடும் விமர்சகர், ஓடுபவன் எதனிடமிருந்து ஓடுகின்றான் என்பதையும் சேர்த்துக் கேட்டல் வேண்டும்.

அயன் மெய்டன் குழுவை 1975ஆம் ஆண்டு நத்தார் தினத்திலே தொடக்கியவர் ஸ்டீவ் ஹரிஸ். 1956இல் கிழக்கு இலண்டனின் லெய்ற்றன்ஸ்ரோனிலே பிறந்தவர். படவரைஞராக வேலை பார்த்தவர். பேஸ் கிற்றார் வாசிப்பவர். 1981இற் பாடகராகச் சேர்ந்த புரூஸ் டிக்கின்சன் நொற்றிங்ஹாம்ஷயரின் சுரங்க நகராகிய வேர்க்சொப்பிலே பிறந்து, இலண்டன் குயீன் மேரிக் கல்லூரியிலே வரலாறு பயின்றவர். இவர்களது பாட்டுக்களின் பெயர்களைப் பார்த்தால் நூலகப் பட்டியலோ என ஐயுறத் தோன்றும். எட்கார் அலன் போவின் துப்பறியும் கதை, கஸ்தொன் லெறூவின் நாடகசாலைப் பேய், ஹக்ஸ்லியின் எதிர்கால உலகம் ஆகியன அங்குள. நொற்றிங்ஹாம் தொழிலாளர் குடும்பத்திலிருந்து எழுந்த அலன் சிலிற்றோ 1959இல் வெளியிட்ட, சீர்திருத்தப் பாடசாலைக்கு அனுப்பப்பட்ட இளைஞன் ஒருவனின் கதையும் 1986இற் பாட்டாயிற்று. பெயரைக் கடன் வாங்கியதோடு நின்றுவிட்ட பாட்டுக்களும் உண்டு என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் 1983இல் வெளிவந்த 'த ட்றூப்பர்' சற்று நின்று கவனிக்கத்தக்கது. 1854ஆம் ஆண்டு கிரிமிய யுத்தத்திலே, தவறான கட்டளையொன்றினால் மடிந்த குதிரைப்படையை அரசவைக் கவிஞர் தெனிசன் தூரத்தே நின்று புகழ்ந்து பாடினார். ஹரிஸோ அதே நிகழ்ச்சியைச் செத்துக்கொண்டிருக்கும் சிப்பாயின் வாய்மொழியாக மாற்றினார். பாடுபவன் நிற்கும் இடம் மாறியபோது பாட்டின் வர்க்கமும் மாறிவிட்டது.

'பவர்சிலேவ்' 1984ஆம் ஆண்டு செப்டெம்பர் 3ஆந் திகதி வெளிவந்தது. அதில் எட்டுப் பாட்டுக்கள். முதற் பாட்டு 1940ஆம் ஆண்டு வான்யுத்தத்தைப் பற்றியது, வீரம் பேசுவது, அதன் தேசிய முழக்கம் நம்மைக் கவரவில்லை. இரண்டாவது அணுவாயுத யுத்தத்தையும் அதிலே இலாபம் தேடுவோரையும் சாடுவது. அணு விஞ்ஞானிகளின் சஞ்சிகையொன்று உலக அழிவுக்கு எஞ்சிய காலத்தைக் கடிகார முள்ளினாற் காட்டி வருகின்றது; நீரகக்குண்டுச் சோதனைகளின் பின் 1953இல் அம்முள் நள்ளிரவுக்கு இரண்டு நிமிடத்தில் நின்றது. பாட்டின் தலைப்பு அதுவே. அமெரிக்க ஏவுகணைகள் பிரித்தானிய மண்ணுக்கு வந்து ஓராண்டு கழியுமுன் அப்பாட்டு வெளிவந்தது. 2025இல் அம்முள் 89 வினாடிக்கு நகர்த்தப்பட்டது என்பதையும் குறித்துவைப்போம். வாட்போர் பற்றிய பாட்டொன்று, போலந்திலே தோன்றி ஆங்கிலத்தில் எழுதிய ஜோசெப் கொன்றாட்டின் 1908ஆம் ஆண்டுக் கதை திரைப்படமாகி, அத்திரைப்படத்தின் வழியாகப் பாட்டுக்கு வந்தது. இடையிலுள்ள ஏனையவற்றை விட்டுவிடலாம்.

தலைப்புப் பாட்டு எகிப்திய மன்னனொருவனின் மரண அச்சம் பற்றியது. தன்னைத் தெய்வமென்று நம்பியவன் சாவின் அதிகாரத்துக்கு அடிமையாகி நிற்பதை டிக்கின்சன் நன்றாகவே எழுதியுள்ளார். ஆனால் கல் சுமந்தவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அட்டைப்படத்திலோ பிரமாண்டமான கற்சிலைகள். சிலைகளின் கீழே எறும்பளவு மனிதர்.

அடிமை என்ற சொல்லை இவர்கள் விளையாட்டாகக் கையாண்டமை பற்றி நமக்கு ஒரு முறைப்பாடு உண்டு. இசைத்தட்டு ஒலிப்பதிவானது பஹாமாஸ் தீவுகளின் நாசோ நகரிலே. அத்தீவு மக்களுட் பெரும்பாலோர் ஆபிரிக்க அடிமைகளின் வழிவந்தோர். இசைத்தட்டையொட்டிய இசைப்பயணத்துக்கு 'உலக அடிமைப் பயணம்' என்று பெயரிட்டனர். அது தொடங்கியது 1984 ஓகஸ்ட் 9ஆந் திகதி. பிரித்தானிய சாம்ராச்சியத்திலே அடிமைமுறையை ஒழித்த சட்டம் நடைமுறைக்கு வந்தது 1834 ஓகஸ்ட் 1ஆந் திகதி. அடிமை வியாபாரத்தை எதிர்த்து இளமையிலே குரல்கொடுத்த கோல்றிட்ஜ் கண்மூடியதோ அதற்கு ஏழு நாட்களுக்கு முன், 1834 ஜூலை 25இல். ஆக, அடிமை விடுதலையின் நூற்றைம்பதாம் ஆண்டிலே, விடுதலைபெற்றோரின் பேரப்பிள்ளைகள் வாழும் தீவிலே, அடிமைத்தனத்தை எதிர்த்த கவிஞரின் பாட்டைச் சுமந்துகொண்டு ஓர் இசைத்தட்டு உருவாயிற்று. அத்தனை வரலாறும் கூடி நின்ற இடத்தில், அதன் நிழலும் தட்டிலே விழவில்லை. அது போலவே அவ்வாண்டு மார்ச் மாதம் முதல் பிரித்தானியச் சுரங்கத் தொழிலாளர் நடத்திய மாபெரும் வேலைநிறுத்தமும் அதிலே இல்லை. பாடகர் பிறந்த மாவட்டமோ அவ்வேலைநிறுத்தத்தினால் இரண்டாகப் பிளந்து நின்றது.

குறைகளைக் கூறிவிட்டோம், இனி மாலுமிக்கு வருவோம். ஹரிஸ் கவிதையை அப்படியே மெட்டிலிடவில்லை. அறுநூறு வரிகளுக்கு மேற்பட்ட கதையைத் தம் சொல்லிலே சுருக்கிக் கூறுகின்றார். கூற்று நேரானது, அலங்காரமற்றது, சந்தையிலே நின்று கதைப்பாடல் விற்றவன் கூறியது போன்றது. கோல்றிட்ஜின் சொற்களை நேரடியாக எடுத்தாள்வது இரண்டே இடங்களில். ஒன்று, காற்றற்ற கடலிலே அசைவின்றி நிற்கும் கப்பலின் தாகம். மற்றையது, மாலுமிகள் ஒருவர்பின் ஒருவராய்ச் சபித்து விழும் காட்சி. பரீட்சை வினாக்கள் வழக்கமாக இவற்றிலா நிற்கின்றன? பறவை எதன் குறியீடு, கவிதையின் நீதி யாது என்பனவே நாம் மாணவரிடம் கேட்பன. ஹரிஸ் உரத்துச் சொல்லத் தெரிந்தெடுத்தது கப்பற்றொழிலாளரின் தாகத்தையும் சாவையும் ஆகும்.

இசை அமைப்பும் இதற்கு ஒத்துநிற்கின்றது. குதிரைப் பாய்ச்சல் போன்ற தாளத்திலே ஓடிவரும் பாட்டு நடுவிலே திடீரென நின்றுவிடுகின்றது. கப்பல் நின்றதைப் போல. முரசு இல்லை. மரச்சட்டங்கள் கிரீச்சிடும் ஓசையும், தாழ்ந்த பேஸ் நரம்பின் ஒலியும், அடங்கிய குரலில் ஒருவன் சொல்லும் சொற்களும் மாத்திரமே கேட்கின்றன. சில நிமிடங்கள் இந்நிலை நீடிக்கும். பல்லாயிரம் இளைஞர் கூடிய அரங்கிலே, துள்ளிக் குதிக்க வந்தவர்கள், செத்தவரின் கதையைக் கேட்டு அசையாது நிற்பர். பின் மெல்ல மெல்ல இசை எழுந்து காற்று வீசத் தொடங்கும். வெகுசன இசையின் பகுதிகள் யாவும் ஒன்றுக்கொன்று மாற்றிவைக்கத்தக்க உதிரிப்பாகங்கள் என்று அடோர்னோ 1941இல் எழுதினார். அவர் கூற்று பொருந்தும் பாட்டுக்கள் ஆயிரம் உள. மூன்று நிமிட வானொலிப் பாட்டின் அளவுக்கு அடங்காத இப்பாட்டிலே நடுப்பகுதியை இடம்மாற்றிப் பார்க்குமாறு அவரது மாணவரைக் கேட்கின்றோம். கப்பல் நிற்க வேண்டிய இடத்திலேதான் நிற்க முடியும்.

இவை யாவும் பணத்துக்காகச் செய்யப்பட்டவையன்றோ என்று தோழர்கள் சிலர் கூறுவர். ஆம். இசைத்தட்டு ஒரு பண்டம், வெளியிட்டது பெருங்கம்பனி. பிரித்தானிய விற்பனைப் பட்டியலிலே அது இரண்டாம் இடத்தை அடைந்தது. ஆனால் முன்னர் மறவாதிருக்குமாறு கேட்ட ஐந்து பவுணை இப்பொழுது நினைவுகூர்க. மாலுமிக் கவிதையே சஞ்சிகைக்கு விற்கும் நோக்கத்தோடு தொடங்கியதுதான். விற்கப்படுவது என்பதனால் ஒரு கலைப்பொருளின் உள்ளடக்கம் வெறுமையாகிவிடுமாயின், கவிஞர்களுள் எவர் தேறுவர்? கேட்கவேண்டிய வினா வேறு. விற்கப்படும் பொருளிலே எது எவருக்குச் சொந்தம் என்பதே அது.

இதற்கு அயன் மெய்டனின் வரலாற்றிலேயே ஓர் உதாரணமுண்டு. அமெரிக்க எழுத்தாளர் பிராங் ஹேர்பேட் 1965இல் வெளியிட்ட 'டியூன்' என்னும் கற்பனைக் கதையைத் தழுவி ஹரிஸ் ஒரு பாட்டு எழுதினார். 1983ஆம் ஆண்டு இசைத்தட்டிலே கதையின் பெயரோடு அதனை வெளியிட அனுமதி கோரப்பட்டது. இத்தகைய இசைக்குழுக்களை ஆசிரியர் விரும்பவில்லை என்ற காரணத்தோடு மறுப்பு வந்தது. பாட்டு வேறு பெயரோடு வெளியாயிற்று. உயிரோடிருந்த ஹேர்பேட் கதவைச் சாத்தினார்; அவருக்குச் சட்டம் அவ்வுரிமையை அளித்திருந்தது. அடுத்த ஆண்டிலே ஹரிஸ் கோல்றிட்ஜிடம் சென்றார். அங்கே கதவே இல்லை. கவிதை எவருக்கும் உரியதன்று. ஆகவே எல்லோருக்கும் உரியது. இலண்டன் படவரைஞருக்கும் அது சொந்தம்.

இந்நிலை தானாக வந்ததன்று. நூல்கள் மீது என்றென்றைக்கும் உரிமை கோரிய இலண்டன் புத்தக வியாபாரிகளின் வாதம் 1774இல் பிரபுக்கள் சபையின் தீர்ப்பினால் முறியடிக்கப்பட்டது. கோல்றிட்ஜின் இளமையிலே பதிப்புரிமை 14 ஆண்டுகள். ஆசிரியர் உயிரோடிருப்பின் மேலும் 14 ஆண்டுகள். இன்று பிரித்தானியாவிலே அது ஆசிரியர் இறந்த பின்னரும் 70 ஆண்டுகளுக்கு நீள்கின்றது. வேலி ஒவ்வொரு தலைமுறையிலும் தள்ளித் தள்ளி நடப்பட்டு வந்திருக்கின்றது. ஊர்ப் பொதுநிலங்களை வேலியடைத்துக் குடியானவரைத் துரத்திய காலத்திலேதான் கோல்றிட்ஜ் எழுதினார் என்பதை அறிந்தோர் இவ்வுவமையின் பொருத்தத்தை உணர்வர். சஸ்குவெகானா ஆற்றங்கரையிலே அவர் காண விரும்பிய பொதுச்சொத்து, அவர் பாட்டின் வடிவத்திலே மாத்திரம் உண்மையாயிற்று.

இவ்விசையை எதிர்த்தோர் இரு புறத்திலும் இருந்தனர். 1982இல் அமெரிக்க மதவாதிகள் இக்குழுவின் இசைத்தட்டுக்களைப் பேயின் வேலை என்று எரித்தனர். அவர்களைப் பற்றிக் கூற ஒன்றுமில்லை. நம்மை வருத்துவது நம் பக்கத்தாரின் நடத்தையே. 1948இல் சோவியத் கட்சியின் தீர்மானம் ஷொஸ்தக்கோவிச் போன்ற மேதைகளையே மக்களுக்கு அந்நியமானோர் என்று கண்டித்தது. அங்கு தொடங்கிய மனப்பான்மை, தொழிலாளர் பிள்ளைகள் தாமாக நாடிச் சென்ற இசையை நசிவுக் கலை என்று ஒதுக்குவதில் வந்து முடிந்தது. 1984இல் 'உலக அடிமைப் பயணம்' தொடங்கிய நகரம் வார்சோ. போலந்திலே இராணுவச் சட்டம் நீக்கப்பட்டு ஓராண்டே கழிந்திருந்தது. அங்கும், பின்னர் ஹங்கேரியிலும் யுகோஸ்லாவியாவிலும் இளைஞர் ஆயிரக்கணக்கிலே திரண்டனர். தொழிலாளர் பெயரால் ஆண்டோர் தொழிலாளரின் பிள்ளைகளுக்குத் தாமே ஒரு பாட்டைக் கொடுக்க இயலாதிருந்தமையை அக்கூட்டங்கள் காட்டின. இதனை ஏகாதிபத்தியத்தின் சூழ்ச்சி என்று மாத்திரம் விளக்குதல் சோம்பலின் அறிகுறி. பண்பாடு சாதாரண மக்களின் சாதாரணப் பொருள் என்று றேமன்ட் வில்லியம்ஸ் 1958இலேயே வாதிட்டார். நம்மிற் பலர் அவ்வாதத்தை மேற்கோளாகக் காட்டியதுண்டு. நம் காதுக்கு இனிமையற்ற இசை வந்தபோது அதனை மறந்தோம். கூத்தை நாகரிகமற்றது என்று ஒதுக்கிய நம்மூர்ப் படித்தவர்களை எதிர்த்து வழக்காடிய இயக்கத்தின் வழிவந்தோர் நாம் என்பது நினைவிருக்கட்டும்.

அயன் மெய்டன் மாலுமிப் பாட்டைப் பல ஆண்டுகள் மேடையிலே பாடாதிருந்து, 2008ஆம் ஆண்டு இசைப்பயணத்திலே மீண்டும் பாடினர். அப்பயணம் தொடங்கியது பெப்ரவரி 1ஆந் திகதி மும்பாயிலே. 1835இல் மெக்கோலே எழுதிய குறிப்பின் பின், இந்தியத் துணைக்கண்டத்துப் பிள்ளைகள் மீது ஆங்கிலக் கவிதை சுமத்தப்பட்ட கதை யாவரும் அறிந்ததே. அச்சுமையிலே கோல்றிட்ஜும் இருந்தார். ஆனால் அன்றிரவு அத்திடலிலே அவரை எவரும் எவருக்கும் பாடமாக வைக்கவில்லை. நுழைவுச்சீட்டு வாங்கி வந்து நின்ற இளைஞர், தாகத்தால் வாடிய மாலுமிகளின் வரிகளைப் பாடகரோடு சேர்ந்து உரத்துச் சொன்னார்கள். பின் பாட்டு நடுவிலே நின்றபோது, மரச்சட்டங்களின் கிரீச்சொலி எழுந்தது. கப்பல் அசையவில்லை.